குடிக்காத அப்பாவுக்கு ஏன் கல்லீரல் புற்றுநோய்? எனக்கும் வருமா?

கேள்வி: வயது 36. சிவகங்கை மாவட்டம். வளைகுடா வேலைக்காக எடுத்த மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்து, ‘அன்ஃபிட்’ போட்டுவிட்டார்கள். மதுரையில் கல்லீரல் டாக்டரிடம் போனேன். எஸ்ஜிபிடி 26, வைரஸ் எண்ணிக்கை 640, இ-ஆன்டிஜென் நெகட்டிவ், ஸ்கேன் நார்மல். “இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்” என்றார். உள்ளே கிருமி இருக்கும்போது மருந்து வேண்டாம் என்றால், முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறாரா? என் அப்பா 51 வயதில் கல்லீரல் புற்றுநோயில் போய்விட்டார். ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஊரில் யாரும் அதை நம்பவில்லை. எனக்கும் அதேதானா? பெரியப்பா கீழாநெல்லி சாப்பிடச் சொல்கிறார். மனைவிக்கும் நான்கு வயது மகளுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். வழி சொல்லுங்கள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

உங்கள் கடிதத்தில் ரிப்போர்ட் எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அப்பாவைப் பற்றிய வரி. அதை மதுரை டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவருடைய ஆலோசனை மாறியிருக்கலாம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அப்பா.

கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்று முடிவு கட்டுவது நம் ஊரில் அவ்வளவு சாதாரணம். குடிக்காமல் போனவர்களின் குடும்பங்கள் சாவோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கின்றன. மருத்துவ உலகத்துக்கே இதில் தெளிவு வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பெர்க் 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டுபிடித்தார். 1976-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரிடம் இந்த வைரஸ் இருப்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் வைரஸ் முதலில் வந்து புற்றை உண்டாக்கியதா, கெட்டுப்போன கல்லீரலில் வைரஸ் பிறகு வந்து குடியேறியதா? நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்பிருந்தே ஆட்களைத் தொடர வேண்டும்.

அதைத் தைவானில் செய்தவர் பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர். அரசு ஊழியர்களான ஆண்கள் 22,707 பேரை எடுத்துக்கொண்டார். அரசு காப்பீட்டில் இருப்பவர்கள் என்பதால் யார் எப்போது எதனால் இறந்தார் என்பது பதிவாகிவிடும். 1981-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. வைரஸ் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைப் போல 223 மடங்கு. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புகூட இவ்வளவு பெரிய எண்ணில் வராது. உங்கள் அப்பாவுக்கு இருந்தது ஹெபடைடிஸ் பிதான் என்று இங்கிருந்து நான் சான்றிதழ் தர முடியாது. ஆனால் குடிக்காத ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது, மகனுக்கு இதே வைரஸ் என்று வைத்துப் பார்த்தால் வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைத்தான் நினைப்பேன். பழைய மருத்துவமனைக் கோப்பு பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றோ ‘ஹெச்பிஎஸ்ஏஜி’ என்றோ (இரண்டும் அந்த மேலுறைப் புரதத்தின் பெயர்கள்தான்) எங்காவது எழுதியிருக்கும்.

சரி, ஒரு வைரஸ் எப்படி முப்பது நாற்பது வருஷம் கழித்துப் புற்றாகிறது?

இந்த வைரஸ் கல்லீரல் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை. செல்லுக்குள் இருந்துகொண்டு பெருகும், அவ்வளவுதான். வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கி அழிப்பது நம்முடைய நோய் எதிர்ப்புப் படை. ஆகவே நோயின் போக்கு, வைரஸுக்கும் அந்தப் படைக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. அந்த உறவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொற்று நேர்ந்த வயது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூறில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தங்கும். வளர்ந்தவர்களுக்கு ஐந்து சதவீதத்துக்கும் கீழே. மற்றவர்கள் மஞ்சள் காமாலை வந்தோ வராமலோ சில மாதங்களில் விரட்டிவிடுவார்கள். உங்களுக்குப் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்திருக்கும். இப்போது செய்த எதனாலோ வந்தது என்று உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டிலும் யாரும் அப்படி நினைக்க வேண்டாம்.

குழந்தையின் எதிர்ப்புப் படை வைரஸை அந்நியனாகப் பார்ப்பதில்லை. பல வருஷம் ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் ஓடினாலும் கல்லீரல் அமைதியாக இருக்கும். வாலிப வயதிலோ அதற்குப் பிறகோ படை விழித்துக்கொள்ளும். செல்கள் சாகும், அவற்றிலிருந்து ரத்தத்தில் கசியும் எஸ்ஜிபிடி என்ற நொதி ஏறும், கல்லீரல் புதுச் செல்களை உண்டாக்கும், மறுபடி தாக்குதல். இந்த அடிதடி நடக்கும் இடத்தில், சும்மா வைட்டமின் ஏ-யைச் சேமித்துவைத்துக்கொண்டிருந்த நட்சத்திர வடிவச் செல்கள் குணம் மாறி நார் உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. காயம் ஆறினால் தழும்பு விழுவதுபோல்தான். ஆனால் வருஷக்கணக்கில் தழும்பு மேல் தழும்பு விழுந்தால் கல்லீரலின் அமைப்பே கெட்டு, சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்கம் வரும். ஓயாமல் செல் பிரிந்துகொண்டே இருந்தால் மரபணுவைப் படியெடுப்பதில் பிழைகள் சேரும். சேர்ந்த பிழைகளில் சில, செல்லின் பெருக்கத்துக்குப் போட்டிருந்த கடிவாளத்தை அறுத்துவிடும். புற்றுக்குப் போகும் பெரிய பாதை இதுதான்.

ஹெபடைடிஸ் பி-க்கு இன்னொரு குறுக்குப் பாதையும் உண்டு. உங்களுக்கு அது முக்கியம். இந்த வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் நம் கல்லீரல் செல்லின் குரோமோசோமிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. புற்றுக்கட்டிகளை எடுத்து மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, அந்தத் துண்டுகள் திரும்பத் திரும்பச் சில இடங்களில் அகப்பட்டன. அதில் முதலிடம் டெர்ட் என்ற மரபணுவின் அக்கம்பக்கத்துக்கு. செல் எத்தனை முறை பிரியலாம் என்ற வரம்பை நீக்கும் நொதியை ஆக்குவது அந்த மரபணு. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இந்த வித்தை கிடையாது. அது ஆர்என்ஏ வைரஸ், குரோமோசோமுக்குள் நுழையாது. அதனால்தான் ஹெபடைடிஸ் சி-யில் புற்று பெரும்பாலும் சுருக்கத்துக்குப் பிறகே வருகிறது; பி-யில் சுருக்கம் இல்லாத கல்லீரலிலும் வரலாம். எஸ்ஜிபிடி நார்மல், உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனை விட்டுவிடக் கூடாது என்று நாங்கள் கத்துவதற்கு இதுதான் காரணம்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவு தூங்காமல் இருக்க வேண்டாம். வைரஸ் இருந்தாலும் எல்லோரும் இந்தப் பாதையில் போவதில்லை. போகிறவர்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. யார் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல உதவியது மறுபடியும் தைவான் ஆய்வுதான். சென் சியென்-ஜென் தலைமையில் (பின்னாளில் அந்நாட்டின் துணை அதிபரானவர் இவர்) 3,653 பேரின் ரத்தத்தைச் சேமித்து வைத்து, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் 300 காப்பிக்கு (அதாவது வைரஸ் பிரதிகளுக்கு) கீழே இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்குப் புற்று வந்தது. பத்து லட்சமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கு. உங்கள் 640 என்பது சர்வதேச யூனிட் கணக்கு என்றால் சுமார் மூவாயிரம் காப்பி. அந்த ஆய்வில் 300-க்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்ட அந்தக் கூட்டத்தின் விகிதம், மிகக் குறைந்தவர்களோடு ஏறத்தாழ ஒட்டியே போனது. இது நல்ல செய்திதான்.

ஆனால் இது ஒரு நாளின் எண். ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏறும், இறங்கும். ‘இன்ஆக்டிவ் கேரியர்’ (வைரஸ் அடங்கிக் கிடப்பவர்) என்று ஒருவருக்கு முத்திரை குத்த, முதல் ஒரு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எஸ்ஜிபிடி பார்த்து, வைரஸ் எண்ணிக்கையையும் இரண்டொரு முறை எடுத்துப் பார்ப்பதுதான் சரி. ஆறு மாதம் என்பது அதற்கப்புறம். அப்பா விஷயத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், உங்கள் டாக்டர் சொன்னதில் நான் திருத்தச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இப்போது மருந்து. டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் நல்ல மாத்திரைகள். தினம் ஒன்று போட்டால் ரத்தத்தில் வைரஸ் காணாமலே போய்விடும். ஆனால் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் மூல டிஎன்ஏ ஒரு மூடிய வளையமாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை ஜெராக்ஸ் மெஷினை நிறுத்துகிறது. ஒரிஜினலை அதனால் தொட முடியாது. நிறுத்தினால் பலருக்கு வைரஸ் திரும்பி வரும், சிலருக்குப் பழையதைவிட மூர்க்கமாக. ஆகவே தொடங்கினால் பல வருஷம், ஒருவேளை ஆயுள் முழுக்க. வைரஸும் குறைவு, கல்லீரலும் அமைதி என்று இருப்பவருக்கு இவ்வளவு நீண்ட மருந்தால் கிடைக்கும் லாபம் சிறியது என்பதுதான் இதுவரையிலான கணக்கு. முற்றட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மாத்திரை லாபம் தரக்கூடிய கட்டம் தொடங்குகிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஆறு மாத வருகை.

அந்தக் கணக்கு இப்போது மாறிவருகிறது. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை விரிவாக்கியது. குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ சுருக்கமோ இருந்திருந்தால், வைரஸ் எண்ணிக்கை, எஸ்ஜிபிடி எதுவாக இருந்தாலும் சிகிச்சைக்குத் தகுதி உண்டு என்கிறது அது. சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு இருப்பவர்களும் அதே பட்டியலில் வருகிறார்கள். எல்லா நிபுணர்களும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. உங்கள் எண்களைப் பார்த்துவிட்டு, அப்பா கதையைக் கேட்ட பிறகும், “கண்காணிப்போம்” என்று சொல்பவர் தவறு செய்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் எனக்குச் சாய்வு மாத்திரை பக்கம்தான். முதலில் ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலில் நார் எவ்வளவு என்று பாருங்கள். அப்பாவின் விவரத்தை நோட்டில் எழுதவைத்து, சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொண்டு, டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தினமும் தவறாமல் போட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இரண்டு மாதம் போட்டு மூன்றாவது மாதம் விட்டுவிடுவது தொடங்காமல் இருப்பதைவிட மோசம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். (அந்தத் தேதி பிளம்பெர்க்கின் பிறந்தநாள்.)

மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். சுருக்கம் வந்த கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது என்றுதான் எங்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெனோஃபோவிர் தொடங்கும்போது சிரோசிஸ் இருந்த 96 பேருக்கு ஐந்து வருஷம் கழித்து மறுபடி ஊசி போட்டுக் கல்லீரல் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 71 பேருக்கு சிரோசிஸ் இல்லை. தாக்குதலை நிறுத்தினால் கல்லீரல் அந்த நாரைத் தானே கரைத்துக்கொள்கிறது. புற்று வாய்ப்பு குறைகிறது, ஆனால் பூஜ்யமாவதில்லை. குரோமோசோமில் ஏற்கெனவே ஒட்டிய துண்டுகள் அங்கேயேதான் இருக்கும். ஆகவே மாத்திரை போட்டாலும் ஸ்கேன் தொடர வேண்டும்.

ஸ்கேன் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை? கல்லீரல் புற்றுக்கட்டி அளவில் இரட்டிப்பாகச் சராசரியாகச் சில மாதங்கள் பிடிக்கும். ஆறு மாத இடைவெளியில் பார்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவிலேயே அகப்பட வாய்ப்பு அதிகம். அந்த அளவில் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியே சுட்டுப் பொசுக்கலாம். வயிற்றில் நீர் கோத்து மஞ்சள் காமாலையோடு வந்தால் எங்கள் கையில் அதிகம் இருக்காது. உங்கள் அப்பா அப்படித்தான் வந்திருப்பார். ஷாங்காயில் 18,816 பேரை வைத்து நடந்த சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்த கூட்டத்தில் கல்லீரல் புற்று மரணம் 37 சதவீதம் குறைந்தது. அதுவும் அழைத்தவர்களில் பலர் ஒழுங்காக வராத நிலையில். நம் பகுதி ஆண்களுக்குப் பொதுவாக 40 வயதிலிருந்து இதைத் தொடங்குவோம். அப்பாவுக்கு இருந்ததால் நீங்கள் இப்போதே தொடங்குங்கள்.

கீழாநெல்லிக்கு வருவோம். பெரியப்பாவை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. அவர் சொல்வதில் ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அதே பிளம்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988-இல் லான்செட்டில் வந்தது. வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. நோபல் பெற்றவரின் பெயரோடு நம் கொல்லைப்புறச் செடி! உலகமே திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே இனச் செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. 2011-இல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து அலசியபோதும், வைரஸை விரட்டும் என்று நம்பத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் இத்தனை பேர் குணமானார்களே? குணமானார்கள், பொய் இல்லை. நம் ஊர் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி தண்ணீர் வழி வரும் ஹெபடைடிஸ் ஏ, இ. அவை தானாகவே சில வாரங்களில் சரியாகும். வளர்ந்தவருக்குப் புதிதாக வந்த ஹெபடைடிஸ் பி-யும் பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்று மேலே சொன்னேன். அந்த வாரங்களில் யார் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். உங்களுடையது வேறு, சின்ன வயதில் வந்து தங்கிவிட்டது. பெரியப்பாவின் மனதுக்காகக் கொல்லையில் பறித்த கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடிப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. பெயர் சொல்லாத சூரணம், பஸ்மம், “கல்லீரல் டானிக்” என்று பொட்டலமாக வருவதைத் தொடாதீர்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் செயலிழந்து வருகிறவர்களை நாங்கள் வார்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தனித் தட்டு, தனி டம்ளரை இன்றே எடுத்து அடுக்கிவிடுங்கள். சாப்பாட்டில், எச்சிலில், கட்டி அணைப்பதில், மகளைத் தூக்கிக் கொஞ்சுவதில் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இவைதான் வழி. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். உலர்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் மூன்று தவணை தடுப்பூசி போடுங்கள். அது முடிந்து எதிர்ப்புச் சக்தி வந்தது உறுதியாகும் வரை ஆணுறை. மகளுக்கு அரசு அட்டவணைப்படி ஊசி போட்டிருந்தால் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்தே போயிருக்கும். அட்டையைப் பாருங்கள், மனநிம்மதிக்கு ஒரு பரிசோதனையும் செய்துவிடலாம். அந்த ஊசியின் மதிப்பையும் தைவான்தான் காட்டியது. 1984-இல் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள்; பத்து வருஷத்துக்குள் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-இலிருந்து 0.36 ஆக இறங்கியது. தடுப்பூசி போட்டுப் புற்றுநோய் குறைந்ததை மனிதர்கள் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மது வேண்டாம், கொஞ்சம்கூட. சர்க்கரையையும் தொப்பையையும் கட்டுக்குள் வையுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் தூக்கி எறியுங்கள்: அதிலுள்ள அஃப்ளடாக்சின், கல்லீரல் செல்லில் புற்றைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணுவில் குறிப்பிட்ட ஒரே இடத்தைக் குறிவைத்துக் கெடுக்கிறது. ஷாங்காய் ஆய்வு ஒன்றில் வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்குப் புற்று வாய்ப்பு ஏழு மடங்கு, நஞ்சு மட்டும் இருந்தவர்களுக்கு மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அறுபது மடங்கு. காபி குடிக்கலாம், குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஃபில்டர் காபிக்காரன் என்பதால் நான் சார்பாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி. வேறு எந்த நோய்க்காவது ஸ்டீராய்டோ கீமோதெரபியோ தொடங்க நேர்ந்தால், ஊசி ஏறுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்ப்புப் படை அடங்கும்போது அமைதியாக இருந்த வைரஸ் வெடித்துக் கிளம்பும்.

வளைகுடா வேலை விஷயத்தில் என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. மாத்திரை போட்டு வைரஸ் எண்ணிக்கை பூஜ்யமானாலும், மெடிக்கலில் பார்ப்பது மேலுறைப் புரதத்தை. அது மறைவது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்குத்தான். “மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனை செய்யுங்கள். சின்ன வயதில் உங்களுக்கு வந்த வழி பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கும். அவர்களில் யாராவது ஒருவர் இந்த நேரத்தில் எஸ்ஜிபிடி ஏறி, தெரியாமலே நடமாடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு மாத்திரை உங்களைவிட அவசரமாகத் தேவைப்படலாம்.